கொலம்பஸுக்குப் புதிதா? காலேஜ் ஃபுட்பால் பேச்சில் கலந்துகொள்ள ஒரு வழிகாட்டி

ஒஹாயோவின் கொலம்பஸ் நகரத்துக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து இறங்கியவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே புரிந்துவிடும். ஆபீஸ் சாப்பாட்டு அறையானாலும் சரி, முடிவெட்டும் கடையானாலும் சரி, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளானாலும் சரி, பேச்சு சுற்றி வளைத்து ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பாலில்தான் (நம்மூர் கால்பந்து அல்ல, அமெரிக்கன் ஃபுட்பால்) போய் நிற்கும். ஆட்டம் நடக்கிற மாதங்களில் மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். ஆட்டமே இல்லாத பிப்ரவரியிலும் ஜூனிலும்தான் சண்டை இன்னும் சூடு பிடிக்கும். எந்தப் பள்ளிப் பையனுக்கு எத்தனை நட்சத்திரம், யார் எந்தக் கல்லூரிக்குத் தாவினார், அடுத்த குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவர்) யார் என்று மணிக்கணக்கில் போகும்.

ஆட்ட விதிகளைச் சொல்லித்தர யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆட்டமில்லாத மாதங்களின் இந்தப் பேச்சைச் சொல்லித்தர ஆளில்லை. நானும் அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று பொறுக்கித்தான் கற்றுக்கொண்டேன். வரிசையாக யாராவது எழுதி வைத்திருந்தால் பாதி நேரம் மிச்சமாகியிருக்கும் என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன். உதாரணமெல்லாம் பெரும்பாலும் ஒஹாயோ ஸ்டேட்டிலிருந்துதான். நீங்கள் டெக்சாஸின் ஆஸ்டினிலோ மிச்சிகனின் ஆன் ஆர்பரிலோ இருந்தால் அணியின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

1. முதலில் நாள்காட்டி

எந்தச் செய்தி வந்தாலும் அதன் எடை அது வந்த தேதியைப் பொறுத்தது. ஆகவே இவற்றை முதலில் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

டிசம்பர் முதல் புதன்கிழமை தொடங்கி மூன்று நாட்கள், பள்ளி வீரர்கள் கல்லூரியோடு கையெழுத்துப் போடும் காலம். பெரும்பாலானவர்கள் இதிலேயே போட்டு முடித்துவிடுவார்கள். மிச்சம் மீதி, பிப்ரவரி முதல் புதன்கிழமை. ஒரு காலத்தில் அந்த பிப்ரவரி நாள்தான் திருவிழா. 2017 டிசம்பரில் முன்கூட்டிய கையெழுத்து வந்த பிறகு அது களை இழந்துவிட்டது.

ஏற்கெனவே கல்லூரியில் ஆடுகிறவர்கள் வேறு கல்லூரிக்கு மாறப் பெயர் கொடுப்பது டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில். 2026இல் அது திறந்திருந்தது ஜனவரி 2 முதல் 16 வரை மட்டும். அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஏப்ரலிலும் ஒரு முறை திறப்பார்கள், அதை எடுத்துவிட்டார்கள். இந்தச் சின்ன மாற்றம் குவார்ட்டர்பேக் பேச்சை எப்படித் தலைகீழாக்கிவிட்டது என்பதை ஆறாவது படியில் சொல்கிறேன்.

மார்ச், ஏப்ரலில் வசந்தகாலப் பயிற்சி. ஜூனில் பள்ளி வீரர்கள் கல்லூரிச் செலவில் வந்து தங்கிப் பார்க்கும் பயணங்கள், அதையொட்டி வரிசையாக அறிவிப்புகள். ஆகஸ்டில் பயிற்சி முகாம், யார் முதலில் ஆடப்போகிறவர் என்ற முடிவு. ஆகஸ்ட் கடைசியில் சீசன் தொடக்கம். நவம்பர் கடைசி சனிக்கிழமை பரம எதிரியான மிச்சிகனோடு ஆட்டம். அந்த வாரத்தில் யாரிடமும் நியாயம் பேசாதீர்கள்.

புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ‘2026 கிளாஸ்’ என்றால் 2026இல் பள்ளி முடிக்கும் பையன்கள். ஆனால் அவர்கள் கையெழுத்துப் போட்டது 2025 டிசம்பரில். அதில் பலர் பள்ளிப் படிப்பைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு ஜனவரியிலேயே கல்லூரிக்கு வந்துவிடுவார்கள். இதைக் குழப்பிக்கொண்டால் அப்புறம் எல்லாக் கணக்கும் ஓராண்டு தள்ளிப்போகும்.

2. கையில் இருக்க வேண்டிய மூன்று தாள்கள்

முதல் தாள், அணியின் அதிகாரபூர்வத் தளத்தில் இருக்கும் ரோஸ்டர், அதாவது வீரர்கள் பட்டியல். அதில் பெயர், உயரம், எடை, ஊர் எல்லாம் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது ஆண்டு என்ற கட்டம். முதலாம் ஆண்டிலிருந்து வரிசையாக ஃப்ரெஷ்மேன், சோஃபமோர், ஜூனியர், சீனியர் என்று போட்டிருக்கும். சிலருக்கு முன்னால் ரெட்ஷர்ட் என்ற சொல்லும் இருக்கும். விதி இதுதான்: சேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள், அதில் நான்கு சீசன் ஆடலாம். ஆடாமல் உட்கார்ந்து சேமித்த ஆண்டுதான் ரெட்ஷர்ட். 2018 முதல் நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் அந்த ஆண்டைச் சேமித்துக்கொள்ளலாம். அதனால்தான் செப்டம்பர் கடைசியில், நான்கு ஆட்டம் முடிந்த கையோடு, யாராவது ஒருவர் ‘இனி இந்த ஆண்டு ஆடவில்லை’ என்று ஒதுங்குவார். அது காயமோ கோபமோ அல்ல, ஆண்டுக் கணக்கு.

2020ஆம் ஆண்டு கோவிட் சீசன் யாருக்கும் கணக்கில் சேரவில்லை. ஆறு ஏழு ஆண்டு கல்லூரியில் ஆடியவர்களை நீங்கள் பழைய பட்டியலில் பார்த்தால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது தாள், கடந்த நான்கு ஆண்டுகளின் ரெக்ரூட்டிங் பட்டியல், அதாவது எடுத்த பள்ளி வீரர்களின் பட்டியல். 247ஸ்போர்ட்ஸ் தளத்தில் ‘காம்போசிட்’ என்று தேடினால் பல நிறுவனங்களின் மதிப்பெண்ணைக் கலந்து போட்ட வரிசை கிடைக்கும். இலவசம்தான்.

மூன்றாவது, டெப்த் சார்ட். எந்த இடத்தில் யார் முதல், யார் இரண்டாவது என்ற பட்டியல். இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். கோச்சுகள் எதிரணிக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறார்கள். இரண்டு பெயருக்கு நடுவில் ‘அல்லது’ என்று போட்டிருந்தால் இன்னும் முடிவு செய்யவில்லை, அல்லது முடிவு செய்துவிட்டுச் சொல்ல மனமில்லை என்று அர்த்தம்.

இந்த மூன்றையும் வைத்து ஓர் எக்செல் தாளில் ஒவ்வொரு இடத்துக்கும் ஆட்கள், ஒவ்வொருவருக்கும் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் என்று போட்டுவிடுங்கள். ஒரு சாயங்கால வேலை. குவார்ட்டர்பேக் வரிசையில் நான்கைந்து பெயர்தான் வரும். பாதி வாக்குவாதத்துக்கு அந்த ஒரு வரிசையே போதும்.

3. நட்சத்திரத்தை எப்படிப் படிப்பது

247ஸ்போர்ட்ஸ், ஆன்3, ரைவல்ஸ், இஎஸ்பிஎன் என்று சில நிறுவனங்கள் பள்ளி வீரர்களுக்கு இரண்டு முதல் ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கின்றன. ரைவல்ஸை 2025இல் ஆன்3 வாங்கிவிட்டது. பழைய விவாதங்களில் அவை தனித்தனி என்பதை மறக்க வேண்டாம். ஓர் ஆண்டில் ஐந்து நட்சத்திரக்காரர்கள் நாடு முழுவதும் முப்பதைச் சுற்றித்தான் இருப்பார்கள். தொழில்முறை லீக்கான என்எஃப்எல் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டின் முதல் சுற்றில் 32 இடம், அதற்குப் பொருந்துகிற மாதிரி வைத்த எண்ணிக்கை அது. நான்கு நட்சத்திரக்காரர்கள் சில நூறு பேர். மூன்று நட்சத்திரம் ஆயிரத்துக்கும் மேல்.

இங்கேதான் முதல் பெரிய சண்டை வரும். ஒருவர், ‘என்எஃப்எல்லில் எவ்வளவு மூன்று நட்சத்திரக்காரர்கள் ஆடுகிறார்கள் பார், இந்த நட்சத்திரமெல்லாம் சும்மா’ என்பார். மூன்று நட்சத்திரக்காரர்கள் எண்ணிக்கையிலேயே பல மடங்கு அதிகம், ஆகவே அவர்களில் நிறையப் பேர் மேலே வரத்தான் செய்வார்கள். ஆனால் தனி ஒருவரை எடுத்துக்கொண்டால், ஐந்து நட்சத்திரக்காரர் முதல் சுற்றில் போவதற்கான வாய்ப்பு மூன்று நட்சத்திரக்காரரைவிட மிக மிக அதிகம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. இதை ஒரு முறை நிதானமாகச் சொன்னால் மேஜையில் உங்களுக்கு மரியாதை கூடும்.

இரண்டாவது சண்டை, அணிகளின் வரிசை. ‘நாங்கள் இரண்டாவது இடம், நீங்கள் ஆறாவது’ என்று ஒருவர் ஆரம்பிப்பார். அந்த வரிசையில் ஆட்கள் அதிகம் எடுத்த அணிக்கு எண்ணிக்கையாலேயே கொஞ்சம் புள்ளி ஏறும். அதைக் கட்டுப்படுத்தச் சூத்திரத்தில் வழி வைத்திருக்கிறார்கள். சிறந்தவர்களின் புள்ளி முழுசாகவும் கடைசிப் பெயர்களின் புள்ளி சொற்பமாகவும் சேரும். இருந்தாலும் பக்கத்தில் இருக்கும் ‘ஒரு வீரருக்குச் சராசரி’ என்ற எண்ணையும் பாருங்கள். 18 பேர் எடுத்த அணியும் 27 பேர் எடுத்த அணியும் வரிசையில் தள்ளித் தள்ளி இருக்கும், சராசரியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜூன் மாதத்து வரிசையை வைத்துச் சண்டை போடவே வேண்டாம். அப்போது பாதி அணிகள் பாதிப் பேரைக்கூட எடுத்திருக்காது.

மூன்றாவதாக ‘புளூ சிப் விகிதம்’ என்று ஒன்று அடிக்கடி காதில் விழும். பட் எலியட் என்ற பத்திரிகையாளர் பரப்பிய கணக்கு. கடந்த நான்கு ஆண்டுகளில் கையெழுத்திட்டவர்களில் நான்கு, ஐந்து நட்சத்திரக்காரர்கள் பாதிக்கு மேல் இருக்கும் அணிதான் தேசியப் பட்டம் வெல்லும் என்பது அதன் சாரம். ஆண்டாண்டாக அது பொய்க்கவே இல்லை. பிறகு 2025 சீசன் வந்தது. பாதிக்கு வெகு கீழே இருந்த இண்டியானா 16 ஆட்டம் ஆடி 16இலும் ஜெயித்து, 2026 ஜனவரியில் மயாமியை 27-21 என்று தோற்கடித்துப் பட்டத்தைக் கொண்டுபோனது. அதன் குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசாவைப் பள்ளி நாட்களில் பெரிய கல்லூரிகள் சீந்தவில்லை. முதலில் யேல் கல்லூரிக்குப் போவதாக இருந்தார், பிறகு கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்குப் போனார், அங்கிருந்து போர்ட்டல் வழியாக, தம்பி ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த இண்டியானாவுக்கு வந்து, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதும் வாங்கினார்.

என் கணிப்பில் இண்டியானா நட்சத்திரக் கணக்கைக் குப்பையில் போட்டுவிடவில்லை. அந்தக் கணக்கு பள்ளியிலிருந்து வருகிறவர்களை மட்டும் எண்ணுகிறது. கல்லூரியில் ஏற்கெனவே ஆடிக் காட்டிய 22 வயதுக்காரர்களை எடுத்து வருகிற அணியை அது அளக்கவே முடியாது. கோச் கர்ட் சிக்னெட்டி 2023 கடைசியில் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தபோது, பத்துக்கும் மேற்பட்ட தன் வீரர்களைக் கையோடு கூட்டி வந்தார். அவர்களுக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பதைவிட அவர்கள் எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறார்கள் என்று பார்த்திருக்க வேண்டும்.

4. வாய்மொழியும் கையெழுத்தும் வேறு

‘கமிட் ஆகிவிட்டார்’ என்ற செய்தி வந்ததும் பட்டாசு வெடிக்காதீர்கள். கமிட் என்பது வாய்வார்த்தை. கையெழுத்துப் போடும் நொடி வரை மனம் மாறலாம், அதற்கு ஃபிளிப் என்று பெயர். டிராவிஸ் ஹன்டர் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக ஃப்ளோரிடா ஸ்டேட் என்று சொல்லிவந்தார். 2021 டிசம்பரில் கையெழுத்திடும் நாளன்றே ஜாக்சன் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். லூயிசியானாவின் எல்எஸ்யு என்று பல மாதம் சொல்லிவந்த பிரைஸ் அண்டர்வுட், 2024 நவம்பரில் மிச்சிகன் பக்கம் திரும்பினார். இதைக் கொலம்பஸில் நினைவூட்டாமல் இருப்பது நல்லது.

கையெழுத்திடும் தாளும் மாறிவிட்டது. பழைய ‘நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ 2024 அக்டோபரில் கைவிடப்பட்டது. இப்போது உதவித்தொகை ஒப்பந்தம், கூடவே வருவாய்ப் பங்கு ஒப்பந்தம் (கல்லூரி நேரடியாக வீரருக்குத் தரும் பணம்). பழைய கட்டுரைகளில் அந்தப் பழைய பெயரைப் பார்த்தால் தேதியைப் பார்த்துவிட்டு நகருங்கள்.

5. போர்ட்டலைப் புரிந்துகொள்வது

ஐபிஎல் ஏலம் மாதிரி அணி வாங்கும், அணி விற்கும் என்று நம்மவர்கள் முதலில் நினைப்பார்கள். இங்கே அணிக்கு விற்கிற உரிமையே கிடையாது. போவதா வேண்டாமா, எங்கே போவது என்பதை முடிவு செய்கிறவர் வீரர்தான்.

நடைமுறை இப்படி. வீரர் தன் கல்லூரியின் விதிமுறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்கிறார். இரண்டு வேலை நாட்களுக்குள் அவர் பெயரை அவர்கள் ஏற்றியாக வேண்டும். கோச்சின் சம்மதம் தேவையில்லை. பெயர் ஏறிய பிறகே மற்ற கல்லூரிகள் அவரிடம் பேசலாம். அதற்கு முன் பேசினால் குற்றம். பேசுவதே இல்லை என்று நம்புகிறவர் யாரும் இல்லை.

2018 அக்டோபரில் போர்ட்டல் வந்தபோது, மாறுகிறவர்களில் பெரும்பாலோர் ஓர் ஆண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டியிருந்தது. 2021இல் முதல் முறை மாறுகிறவர்களுக்கு அந்தக் காத்திருப்பு போனது. 2024இல், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி உடனே ஆடலாம் என்றாகிவிட்டது. யாராவது ‘அவர் ஏற்கெனவே ஒரு முறை மாறிவிட்டாரே, இனி முடியாதே’ என்றால் அது பழைய விதி.

நிறையப் பேர் ஏமாறும் இடங்கள்:

போர்ட்டல் மூடும் தேதி பெயர் கொடுக்க மட்டும்தான். ஜனவரி 16க்குப் பிறகும், பெயர் கொடுத்தவர் நிதானமாகக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கலாம். ‘இன்னும் யாரையும் எடுக்கவில்லையே, அவ்வளவுதான்’ என்று 17ஆம் தேதி புலம்புகிறவர்களைப் பொருட்படுத்தாதீர்கள். ஆனால் வகுப்பில் சேரக் கடைசித் தேதி என்று ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டினால் வசந்தகாலப் பயிற்சி போய்விடும்.

பெயர் கொடுத்தவர் திரும்பியும் வரலாம். ஆனால் பழைய கல்லூரி அவரை வைத்துக்கொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. உதவித்தொகையை அந்தப் பருவத்தோடு நிறுத்திவிடலாம். ஒவ்வோர் ஆண்டும் எந்த இடமும் கிடைக்காமல் நிற்கிற பையன்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் செய்தி வராது.

‘தொடர்புகொள்ள வேண்டாம்’ என்ற குறிப்போடு ஒரு பெயர் ஏறினால், அவர் போகிற இடம் அநேகமாக முடிவாகிவிட்டது. அவரை உங்கள் அணி மடக்கும் என்று கனவு காண வேண்டாம்.

தலைமைக் கோச் மாறினால் கணக்கே வேறு. புதியவர் பொறுப்பேற்று ஐந்து நாள் கழித்து அந்த அணிக்கு மட்டும் 15 நாள் தனியாகத் திறக்கும். அலபாமாவின் நிக் சேபன் 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றபோது, அங்கே அப்போதுதான் சேர்ந்திருந்த ஜூலியன் சேயின் என்ற குவார்ட்டர்பேக் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு வந்தது இப்படிக் கோச் மாறியபோது திறந்த வாசல் வழியாகத்தான்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கும் என்ஐஎல் 2021 ஜூலையில் வந்தது. 2025 ஜூலை முதல், கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ மீது வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசப்படி, கல்லூரியே நேரடியாக வீரர்களுக்குக் கொடுக்கலாம். முதல் ஆண்டுக்கு ஒரு கல்லூரியின் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து உச்சவரம்பு சுமார் 20.5 மில்லியன் டாலர். பழைய 85 உதவித்தொகை வரம்பு போய், ஃபுட்பால் அணிக்கு 105 பேர் என்ற வரம்பும் அதோடு வந்தது. ஆனால் ‘இவருக்கு இத்தனை மில்லியன்’ என்று காதில் விழும் எண்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒப்பந்தங்கள் பொதுவில் இல்லை. விலையை ஏற்ற முகவர்களே கசியவிடுவதும் உண்டு.

6. குவார்ட்டர்பேக் சண்டை

மற்ற இடங்களில் நல்ல ஆட்கள் நான்கு பேர் இருந்தால் நான்கு பேரையும் மாற்றி மாற்றி இறக்கலாம். குவார்ட்டர்பேக் ஒருவர்தான் ஆடுவார். இரண்டாமவர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் ஓரத்தில் தலையணி மாட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால் இந்த இடத்தில் தாவல் அதிகம், அதனால் சண்டையும் அதிகம்.

கொலம்பஸில் நீங்கள் கேட்கப்போகும் முதல் குற்றச்சாட்டு: ‘ஜோ பரோவைக் கையில் வைத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள்.’ கதை உண்மை. ஒஹாயோவின் ஏதென்ஸ் ஊர்க்காரர், மூன்று ஆண்டில் பட்டமும் வாங்கிவிட்டு, 2018 வசந்தகாலப் பயிற்சி முடிந்ததும் எல்எஸ்யு போனார். 2019இல் 60 டச்டவுன் பாஸ் (புள்ளி வாங்கித் தந்த எறிதல்), 15 ஆட்டத்தில் 15 வெற்றி, ஹைஸ்மன், தேசியப் பட்டம்.

இந்தக் கதையில் பாதியை யாரும் சொல்ல மாட்டார்கள். பரோவுக்குப் பதில் ஒஹாயோ ஸ்டேட் வைத்துக்கொண்ட டுவெய்ன் ஹாஸ்கின்ஸ், அதே 2018இல் 50 டச்டவுன் பாஸ் எறிந்து ஹைஸ்மன் வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்தார். அதே ஆண்டு எல்எஸ்யுவில் பரோ எறிந்தது 16. மறு ஆண்டு அங்கே ஜோ பிரேடி என்ற கோச் வந்து பாஸ் ஆட்டத்தையே மாற்றி அமைத்த பிறகுதான் நாம் அறிந்த பரோ வெளியே வந்தார். 2018 மே மாதத்தில் நின்று பார்த்தால் ஒஹாயோ ஸ்டேட்டின் முடிவில் எந்தத் தப்பும் இல்லை. பரோவின் முடிவிலும் இல்லை.

ஆகவே யாரை இறக்க வேண்டும் என்ற சண்டையில் வாய் திறப்பதற்கு முன் உங்கள் எக்செல் வரிசையைப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் எத்தனை ஆண்டு மிச்சம்? போகவேண்டுமென்றால் எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும்? பாஸ் ஆட்டத்தை வகுக்கிறவர் யார், அவர் அடுத்த ஆண்டு இருப்பாரா?

இரண்டாவது கேள்விதான் இப்போது முக்கியம். பரோ வசந்தகாலம் முழுக்க ஹாஸ்கின்ஸோடு போட்டி போட்டுப் பார்த்துவிட்டு, நிலைமை தெரிந்த பிறகு கிளம்பினார். இன்று அதே நிலையில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஏப்ரல் திறப்பு போய்விட்டதால், போட்டி தொடங்கும் முன்பே, ஜனவரியிலேயே முடிவெடுக்க வேண்டும். கோச்சும் ஜனவரியில் யாரையும் ஓரங்கட்ட மாட்டார், எல்லோரிடமும் ‘போட்டி திறந்தே இருக்கிறது’ என்பார். ஏப்ரலில் இரண்டாமவர் என்று தெரிந்தாலும் அடுத்த ஜனவரி வரை நகர முடியாது. இனி ஏப்ரலில் யாராவது ‘அவர் இந்த வாரமே கிளம்பிவிடுவார்’ என்று அடித்துச் சொன்னால், விதி மாறியது அவருக்குத் தெரியாது.

நட்சத்திரமும் வரிசையும் மோதிக்கொண்டதற்குக் குவின் யூவர்ஸைவிட நல்ல பாடம் கிடையாது. டெக்சாஸில் பள்ளி வீரர்கள் என்ஐஎல் பணம் வாங்கக் கூடாது என்பதால், பள்ளியின் கடைசி ஆண்டையே விட்டுவிட்டு 2021 ஆகஸ்டில் கொலம்பஸ் வந்தார். நாட்டிலேயே முதல் இடத்தில் மதிப்பிடப்பட்டவர். ஆனால் அந்த ஆண்டு முதல் குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுட், 44 டச்டவுன் பாஸ் எறிந்தார். யூவர்ஸ் ஆடியது மிச்சிகன் ஸ்டேட் ஆட்டத்தில் இரண்டே இரண்டு முறை. இரண்டு முறையும் பந்தை ஓடுகிறவர் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். டிசம்பரில் டெக்சாஸ் திரும்பிவிட்டார். ஸ்ட்ரவுட்டுக்கு இன்னும் ஓர் ஆண்டாவது மிச்சம் என்று ரோஸ்டரைப் பார்த்திருந்தால் யாருக்கும் ஆச்சரியம் வந்திருக்காது.

இதற்கு ஒரு பின்கதை உண்டு, கொலம்பஸில் யாரைக் கேட்டாலும் கண் மின்னச் சொல்வார்கள். 2025 ஜனவரி 10, அரையிறுதி, ஒஹாயோ ஸ்டேட் 21, டெக்சாஸ் 14. கோல் கோட்டுக்குப் பக்கத்தில் டெக்சாஸுக்குக் கடைசி வாய்ப்பு. யூவர்ஸ் பின்வாங்கி எறியப் போகும்போது ஒஹாயோ ஸ்டேட்டின் ஜாக் சாயர் அவர் கையிலிருந்த பந்தைத் தட்டி, தானே எடுத்து, 83 யார்டு ஓடிப் போய் ஆட்டத்தை முடித்தார். சாயர் கொலம்பஸை ஒட்டிய பிக்கரிங்டன் பையன். யூவர்ஸ் இங்கே இருந்த அந்தச் சில மாதங்களில் இருவரும் ஒரே அறையில் தங்கியவர்கள்.

ஸ்ட்ரவுட்டுக்குப் பிறகு வந்த குவார்ட்டர்பேக் கைல் மெக்கார்ட் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அதை ‘துரத்திவிட்டார்கள்’ என்றும் ‘ஓடிவிட்டார்’ என்றும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். 2023இல் 11 வெற்றி, கடைசியில் மிச்சிகனிடம் 30-24 தோல்வி, உடனே சிரக்யூஸ் போனார். அங்கே 2024இல் 4,779 யார்டு எறிந்தார். இங்கே அவருக்குப் பதில் கான்சாஸ் ஸ்டேட்டிலிருந்து வந்த மூன்று நட்சத்திர வில் ஹவர்டு, அதே 2024 நவம்பரில் மிச்சிகனிடம் 13-10 தோற்றார். கோச் ரையன் டேயை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி ஊரே கத்தியது. அடுத்த நான்கு ஆட்டத்தில் டென்னசி, ஓரகன், டெக்சாஸ், நோட்ர் டேம் என்று வரிசையாக வீழ்த்தித் தேசியப் பட்டம் வாங்கினார்கள். நவம்பர் கடைசி வாரத்தில் யாரும் சொல்லும் தீர்ப்பைக் குறித்து வைத்துக்கொண்டு ஜனவரியில் படித்துப் பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு.

7. செலவு

நட்சத்திர வரிசை, ரோஸ்டர், கையெழுத்துப் பட்டியல் எல்லாம் இலவசம். உள்செய்தித் தளங்கள் மாதம் பத்து டாலர் அளவில் கேட்கும். ஆகஸ்டிலும் டிசம்பரிலும் தள்ளுபடி போடுவார்கள், அப்போது ஒரு மாதத்துக்குச் சேர்ந்து பாருங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு முழுத் தொகையும் கார்டிலிருந்து போகும். என்னைக் கேட்டால் முதல் ஆண்டு காசு கொடுக்கவே வேண்டாம். உள்செய்தி என்று வருவதில் பெரும்பகுதி மறுநாள் காலையில் ஆபீஸில் இலவசமாகக் கிடைக்கும்.

நேரில் பார்க்க ஆசை என்றால் ஏப்ரலில் அணி தனக்குள்ளேயே ஆடும் வசந்தகால ஆட்டம் மலிவு, சீசன் டிக்கெட்டோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் அது நடக்கிறதா என்று முதலில் பாருங்கள். தங்கள் வீரர்களை மற்றவர்கள் நோட்டம் விடுவார்கள் என்பது போன்ற காரணங்களால் 2025இல் நெப்ராஸ்கா, டெக்சாஸ் போன்ற சில இடங்களில் வழக்கமான அந்த ஆட்டத்தைக் கைவிட்டார்கள். அந்த ஆட்டத்தில் ஒரு குவார்ட்டர்பேக் நன்றாக எறிந்தார் என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அவரைத் தொட்டுத் தள்ள அங்கே யாருக்கும் அனுமதி இல்லை.

பந்தயச் செயலிகள் ‘முதல் தொகை இலவசம்’ என்று இழுக்கும். ஒஹாயோவில் 2023 ஜனவரி முதல் 21 வயதானவர்களுக்கு இது சட்டப்படி சரிதான். ஆனால் தனி ஒரு கல்லூரி வீரர் எத்தனை யார்டு எறிவார் என்பது போன்ற பந்தயத்தை மாநிலம் 2024இல் தடை செய்துவிட்டது. மொத்தத்தில் அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் மேலே சொன்ன சந்தாவைப் பல ஆண்டு கட்டலாம்.

8. பேசும் இடத்தில்

பள்ளி வீரர்களுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பாதீர்கள், ‘எங்கள் அணிக்கு வா’ என்றுகூட வேண்டாம். பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள். அணிக்கு நன்கொடை கொடுத்தவர் என்றால் இன்னும் கவனம் தேவை, ரெக்ரூட்டிங் விஷயத்தில் என்சிஏஏ விதிகள் அப்படிப்பட்டவர்களையும் கட்டுப்படுத்தும்.

எங்கே கேட்டது என்று சொல்ல முடியாத செய்தியை மேஜையில் வைக்காதீர்கள். 247இன் ‘கிரிஸ்டல் பால்’ மாதிரியானவை நிபுணர்களின் ஊகம். ஊகம் என்றே சொல்லுங்கள். யாருடைய பெயரையும் எடுத்துப் பேசுவதற்கு முன் அவர் இன்னும் அணியில் இருக்கிறாரா என்று அன்றைய ரோஸ்டரைப் பார்த்துவிடுங்கள். ஜனவரியில் இது வாரத்துக்கு வாரம் மாறும்.

மிச்சிகனின் நிறமான மஞ்சளும் கருநீலமும் சேர்ந்த சட்டை இருந்தால் நவம்பரில் அலமாரியிலேயே இருக்கட்டும். மிச்சிகன் ஆட்டத்துக்கு முந்தைய வாரம் வளாகப் பலகைகளில் ‘எம்’ என்ற எழுத்தின் மேலெல்லாம் சிவப்புப் பட்டையால் பெருக்கல் குறி ஒட்டியிருப்பார்கள். கட்டடம் தேடி வந்த புது மாணவர்கள் பலகையைப் படிக்க முடியாமல் திணறுவதுண்டு, அந்த வாரம் மட்டும் கைபேசி வரைபடத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பிக்க நல்ல மாதம் ஆகஸ்ட். ரோஸ்டர் அநேகமாக நிலைத்திருக்கும், போர்ட்டல் மூடியிருக்கும், கையெழுத்துக்கு நான்கு மாதம் இருக்கும். எக்செல் தாளில் குவார்ட்டர்பேக் வரிசையை முதலில் நிரப்புங்கள், மற்ற இடங்களைச் சீசன் போகப் போகச் சேர்த்துக்கொள்ளலாம்.